விழுந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்

2009இல் ஒரு நைட் டியூட்டி. ஆண்கள் பொது வார்டு, 22 பெட். நானும் ஒரு ஆயாம்மாவும்தான். அதிகாலை 2.45 இருக்கும். 14ஆம் பெட்டில் டிரிப்ஸ் தீரப்போகிறது என்று புது பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். 9ஆம் பெட் தாத்தா, குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், பாத்ரூம் போவதற்காகக் கால்மாட்டு வழியாக இறங்கப் பார்த்திருக்கிறார். தரையில் கிடந்தார். பாட்டிலை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முட்டியில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு புடைப்பு. தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டியூட்டி டாக்டரை எழுப்பி, தாத்தாவைத் தூக்கிப் படுக்க வைத்து, மகளுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

நோயாளி விழுந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில் எழுத வேண்டும். கண் எரிய எரிய உட்கார்ந்து நான்கு வரி எழுதினேன். இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. “ஐ புட் சைடு ரெயில். பேஷண்ட் ஃபெல் டவுன் ஃப்ரம் பெட் 9. ஐ சேஞ்ச்டு டிரிப் ஃபார் பெட் 14. ஐ இன்ஃபார்ம்டு டியூட்டி டாக்டர்.” சைடு ரெயில் என்றால் கட்டிலின் பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி.

மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, பெரியவர் கீழே விழுந்து கிடக்கிறார். நீ போய் 14ஆம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்திட்டு, அதுக்கப்புறம் டாக்டருக்குச் சொல்லியிருக்கே. அப்படித்தானே எழுதியிருக்கே?”

எனக்கு முதலில் அவர் கேட்பது என்னவென்றே புரியவில்லை. புரிந்தபோது வாய் வரவில்லை. மெமோ கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்டென்ட் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் ரிப்போர்ட் நகலை எடுத்து, கீழே பென்சிலால் இரண்டே வாக்கியம் எழுதினார். “ஐ வாஸ் சேஞ்சிங் த டிரிப் ஃபார் பெட் 14 வென் த பேஷண்ட் இன் பெட் 9 ஃபெல். த சைடு ரெயில்ஸ் வேர் அப்.” எழுதிவிட்டு, “நீ சொல்ல வந்தது இதுதானே?” என்றார். இதேதான். ஒரு எழுத்து கூடக் கூடுதலோ குறைவோ இல்லாமல் இதேதான்.

என்னை உலுக்கியது அந்த ‘வாஸ் சேஞ்சிங்’. ‘வாஸ், வேர், அதோடு ஐ-என்-ஜி’ என்ற வாய்ப்பாட்டை எட்டாம் வகுப்பிலேயே தலைகீழாகச் சொல்வேன். பாஸ்ட் கன்டினியூஸ், இறந்தகாலத் தொடர்வினை என்று விளக்கமும் சொல்வேன். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் வேலையே போகக்கூடிய நேரத்தில் அது என் பேனாவுக்கு வரவில்லை.

பல நாள் யோசித்தேன். அதே சம்பவத்தை நான் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பேன்? “14ஆம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்திக்கிட்டு இருந்தேன் சார், அப்பதான் அவர் விழுந்துட்டார்.” யார் கேட்டாலும், தூக்கத்தில் கேட்டாலும், இப்படித்தான் சொல்லியிருப்பேன். “விழுந்தார், மாத்தினேன்” என்று என் வாயில் வந்திருக்கவே வராது. அப்படிச் சொன்னால் தமிழிலும் அந்த மூன்று பேர் நினைத்த அதே அர்த்தம்தான். ஆக அந்த நுட்பம் எனக்குத் தெரியாதது இல்லை. நான் தினம் நூறு தடவை புழங்குகிற ‘மாத்திக்கிட்டு இருந்தேன்’தான் அந்த வாய்ப்பாடு என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

இப்போது நான் வார்டு இன்சார்ஜ். மதியம் ஷிஃப்ட் மாறுவதற்கு முன் அரைமணி நேரம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வை எழுதப்போகிறவர்களும் வந்து உட்காருவார்கள். அந்தத் தேர்வில் துண்டு துண்டாகக் கொடுத்திருக்கும் கேஸ் குறிப்பை 45 நிமிடத்தில் ஒரு முழுக் கடிதமாக்க வேண்டும், அதில் முதல் 5 நிமிடம் படிப்பதற்கு மட்டும். குறிப்பில் வினைச்சொல்லே பாதி இருக்காது. எது நடந்து முடிந்தது, எது நடந்துகொண்டிருந்தது என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வடிவத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. ஐ, ஹீ, ஷீ, இட் என்றால் வாஸ். வீ, யூ, தே என்றால் வேர். வினையோடு ஐ-என்-ஜி. ‘சேஞ்ச்’ மாதிரிக் கடைசியில் ஓசையில்லாத ‘இ’ இருந்தால் அது உதிரும். ‘சிட்’ என்பதில் ‘டி’ இரட்டிக்கும். ‘லை’, ‘டை’ என்பவற்றில் ‘ஐ-இ’ போய் ‘ஒய்’ வரும். இல்லை என்பதற்கு ‘வாஸன்ட்’, ‘வேரன்ட்’. கேள்வி என்றால் ‘வாஸ்’ முன்னால் வந்துவிடும். தமிழில் கடைசியில் ஒரு ‘ஆ’ போட்டால் கேள்வியாகிவிடுவதால் நம் பிள்ளைகள் “யூ வேர் ஸ்லீப்பிங்?” என்று இழுத்துக் கேட்பார்கள். பேச்சில் பரவாயில்லை, எழுத்தில் “வேர் யூ ஸ்லீப்பிங்?” என்றுதான் வர வேண்டும். இவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு பேட்சிலும் வரும். “அக்கா, எதிர்ல ஒரே ஆள்தான் நிக்கிறாங்க, ஏன் யூ வேர்?” நல்ல கேள்வி. இங்கிலீஷில் ‘யூ’ ஆதியில் பலருக்கானது. ஒருவரை அழைக்க ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது, நம்முடைய ‘நீ’ போல. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, நாளடைவில் ‘தௌ’ வழக்கொழிந்தது. நாமும் ஒரே ஆளைப் பார்த்து “நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க” என்று பலருக்குரிய வினையைத்தானே போடுகிறோம்? 18ஆம் நூற்றாண்டில் ஒருவரைப் பார்த்து ‘யூ வாஸ்’ என்று சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் பரவலாகவே இருந்திருக்கிறது. ராபர்ட் லோத் என்பவர் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். ‘நீங்க’ என்ற உதாரணத்தைச் சொன்ன பிறகு என் வகுப்பில் யாரும் ‘யூ வாஸ்’ எழுதியதில்லை.

பழந்தமிழ் இலக்கணத்தில் காலம் மூன்றே. தொல்காப்பியம் சொல்வதும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற மூன்றுதான். தொடர்ந்து நடப்பதைக் காட்ட நாம் தனிக் காலம் வைத்துக்கொள்ளவில்லை. ‘கொண்டு’, ‘இரு’ என்ற இரண்டு சொற்களை வினைக்குப் பின்னால் ஒட்டினோம். அது ஊருக்கு ஊர் உருமாறியது. மதுரைப் பக்கம் ‘வந்துக்கிட்டு இருந்தேன்’, சென்னையில் ‘வந்துனு இருந்தேன்’, யாழ்ப்பாணத்தில் ‘வந்துகொண்டிருந்தன்’. எல்லாவற்றிலும் அந்த ‘இரு’ மட்டும் அசையாமல் இருக்கிறது. இங்கிலீஷிலும் ‘வாஸ்’ என்பது ‘இருந்தேன்’தான். அங்கே ஒரு காலத்தில் ‘அவன் வேட்டையில் இருந்தான்’ என்கிற மாதிரி ‘வாஸ் ஆன் ஹன்டிங்’ என்றும் சொன்னார்கள். ‘ஆன்’ தேய்ந்து ‘அ’ ஆனது, பிறகு அதுவும் உதிர்ந்தது. இதைவிடப் பழைய, ‘எண்டே’ என்று முடிகிற ஒரு வடிவமும் இருந்தது; இரண்டும் கலந்து இன்றைய ‘வாஸ் ஹன்டிங்’ வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு நிம்மதி. ஒரு வேலைக்கு உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்பதைத்தான் இரண்டு மொழியும் சொல்கின்றன. அந்த இரவில் நான் டிரிப்ஸ் மாற்றுகிற வேலைக்கு உள்ளே இருந்தேன். விழுந்த சத்தம் வெளியிலிருந்து வந்து அதைக் குறுக்கே வெட்டியது. ‘வாஸ் சேஞ்சிங்’ உள்ளே இருப்பதைச் சொல்கிறது, ‘ஃபெல்’ வெட்டுவதைச் சொல்கிறது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் எவ்வளவோ எளிது. ‘கொண்டிருந்தேன்’ என்றால் ‘வாஸ்… ஐ-என்-ஜி’ என்று ஒரு சமன்பாடு எழுதிக் கொடுத்துவிடலாம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். அது தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு காணாமல் போன நோயாளி.

டிஸ்சார்ஜ் ஆகாமலே ஒருவர் வார்டிலிருந்து போய்விட்டார். கடைசியாகப் பார்த்தது எங்கள் ஜூனியர் பெண். செக்யூரிட்டியிடம் தமிழில் தெளிவாகச் சொன்னாள்: “நீலச் சட்டை போட்டிருந்தார், கையில ஒரு மஞ்சப் பை வச்சிருந்தார், லிஃப்ட் பக்கத்துல நின்னிருந்தார்.” அதையே ரிப்போர்ட்டில் எழுதினாள்: “ஹி ஹாட் வோர்ன் எ ப்ளூ ஷர்ட். ஹி ஹாட் கெப்ட் எ யெல்லோ பேக். ஹி ஹாட் ஸ்டுட் நியர் த லிஃப்ட்.” இங்கிலீஷ் படிப்பவருக்கு இது எப்படி இருக்கும் தெரியுமா? முன்பு எப்போதோ நீலச் சட்டை போட்டிருந்தார், இவள் பார்த்த நேரத்தில் என்ன போட்டிருந்தார் என்பது தெரியாது. பையை எங்கோ வைத்தார். லிஃப்ட் பக்கம் நின்றது பழைய கதை. தேடுகிற ஆளுக்கு இதில் ஒரு உபயோகமும் இல்லை.

மூன்றுக்கும் ஐ-என்-ஜிதான் வேண்டும். ‘வாஸ் வேரிங்’, ‘வாஸ் கேரியிங்’, ‘வாஸ் ஸ்டாண்டிங்’. ஆனால் அவள் சொன்ன தமிழில் எங்கேயும் ‘கொண்டு’ இல்லை. அவள்மேல் என்ன பிழை? நான் கொடுத்த சமன்பாட்டில்தான் பிழை.

நமக்கு ‘போட்டிருந்தார்’ என்பது சட்டை மாட்டி முடித்த பிறகு தொடர்கிற நிலை. உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார், சாய்ந்திருந்தார், குடை பிடித்திருந்தார், கண்ணாடி மாட்டியிருந்தார், காத்திருந்தார் எல்லாம் இந்த வகை. செயல் முடிந்துவிட்டது, அதன் பலன் அந்த ஆள்மேல் நீடிக்கிறது. இங்கிலீஷ் அந்த நீடிப்பையும் நடந்துகொண்டிருக்கும் வேலையாகவே பார்க்கிறது. அதனால் இவை அத்தனையும் ‘வாஸ் சிட்டிங்’, ‘வாஸ் லையிங்’, ‘வாஸ் லீனிங்’, ‘வாஸ் ஹோல்டிங்’, ‘வாஸ் வேரிங்’, ‘வாஸ் வெயிட்டிங்’. மாட்டுகிற அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டுமானால் வேறு வினை இருக்கிறது, ‘வாஸ் புட்டிங் ஆன்’. தமிழில் ‘சட்டை போட்டுக்கிட்டு இருந்தார்’ என்றால் கைவிட்டு மாட்டுகிற நேரமா, மாட்டியபடி நின்ற நேரமா என்று கேட்கிறவருக்கு இரண்டும் தோன்றும். சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம்.

அதே ‘இருந்தது’ பொருளுக்கு வந்தால் கதை மறுபடி மாறும். ‘கதவு திறந்திருந்தது’ என்பதற்கு ஐ-என்-ஜி கூடாது. ‘த டோர் வாஸ் ஓப்பன்’ போதும். என் சைடு ரெயிலும் அப்படித்தான். ‘போட்டிருந்தேன்’ என்பதை ‘ஐ புட்’ என்று எழுதினேன். எப்போது போட்டேன், விழும்போது அது மேலே இருந்ததா என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் பதிலே இல்லை. ‘வேர் அப்’ என்ற இரண்டு சின்னச் சொல்லில் பதில் இருந்தது.

அதனால் இப்போதெல்லாம் சமன்பாடு கொடுப்பதில்லை. அந்த நிமிடத்தில் ஒரு போட்டோ எடுத்தால் அதில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பார், எப்படி இருப்பார் என்று கேட்கிறேன். நீலச் சட்டை போட்டோவில் தெரியும். பை தெரியும். நிற்பது தெரியும். போட்டோவில் ஒரு ஆள் செய்வதாகத் தெரிவதற்கெல்லாம் ஐ-என்-ஜி போடு என்கிறேன். பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது.

இன்னொரு இடத்திலும் நம் தமிழ் நம்மை இழுத்துவிடும். “நான் வரும்போது அவர் தூங்கிக்கிட்டு இருந்தார்.” இதில் ‘வரும்போது’ என்பதற்கு இறந்தகாலம் என்ற அடையாளமே இல்லை. நேற்று வரும்போது, தினம் வரும்போது, நாளை வரும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதை அப்படியே கொண்டுபோய் “வென் ஐ ஆம் கமிங், ஹி வாஸ் ஸ்லீப்பிங்” என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை தடவை சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ‘வென் ஐ கேம்’. இரண்டு பக்கமும் இறந்தகாலம், வெட்டுகிற வினை சாதாரணமாக, வெட்டுப்படுகிற வினை ஐ-என்-ஜியோடு. ‘வரும்போது’ என்று தோன்றினால் மனதுக்குள் ‘வந்தபோது’ என்று ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டு எழுதுங்கள் என்கிறேன்.

‘வாஸ் ஹாவிங்’ பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் கேஸ் ஷீட்டுகளில் “பேஷண்ட் வாஸ் ஹாவிங் டயபடீஸ்” என்பது சர்வ சாதாரணம். சுகர் என்பது ஒருவர் செய்கிற வேலை இல்லை, அவரிடம் இருக்கிற ஒன்று. ‘ஹாட் டயபடீஸ்’ போதும். ‘வாஸ் நோயிங்’, ‘வாஸ் பிலாங்கிங்’ எல்லாமும் இதே ரகம். ஆனால் எல்லா ‘ஹாவிங்’கையும் அடித்துவிடாதீர்கள். ‘வாஸ் ஹாவிங் பிரேக்ஃபாஸ்ட்’ சரி, அங்கே ‘ஹாவ்’ என்றால் சாப்பிடுவது. ‘வாஸ் ஹாவிங் எ சீஷர்’ சரி, வலிப்பு ஒரு நிகழ்வு, அதற்கு நடுப்பகுதி உண்டு. ‘வாஸ் ஹாவிங் செஸ்ட் பெயின்’ என்று வெளிநாட்டு டாக்டர்களும் சொல்கிறார்கள். வலி விட்டு விட்டு வருவதல்லவா?

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “அந்த ஆஸ்பத்திரியில் 4 வருஷம் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்பது நல்ல தமிழ். அதை ‘ஐ வாஸ் வொர்க்கிங் ஃபார் 4 இயர்ஸ்’ என்று சொன்னால், அதற்கு நடுவில் என்ன ஆனது என்று கேட்கிறவர் காத்திருப்பார். முடிந்துபோன 4 வருடம் முழுப்பொட்டலம். ‘ஐ வொர்க்ட்’ என்று கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

நோயாளியை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நடந்ததை எழுத ‘வாஸ் பீயிங் ஷிஃப்டட்’ தேவைப்படும். அந்த ‘பீயிங்’கைப் பார்த்து மிரளாதவர் இல்லை. இங்கிலீஷ்காரர்களே மிரண்டிருக்கிறார்கள். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை 18ஆம் நூற்றாண்டு வரை ‘த ஹவுஸ் வாஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். ‘வாஸ் பீயிங் பில்ட்’ அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது, 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இன்று அது இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் ஓடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இங்கிலீஷில் பணிவாக ஒன்றைக் கேட்க ‘ஐ வாஸ் வண்டரிங் இஃப் யூ குட்…’ என்று தொடங்குவார்கள். கேட்பது இப்போதுதான், ஆனால் நேற்றே யோசித்துக்கொண்டிருந்த மாதிரி. நாமும் அதையேதான் செய்கிறோம்! “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.” சொல்லும்போதே ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கிறோம், எதிராளி மறுத்தாலும் முகம் கோணாமல் இருக்க. இதை ஒரு பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை, சொன்னதும் சிரித்துவிடுவார்கள். லீவு கேட்க, ஷிஃப்ட் மாற்றிக் கேட்க இதைப் பயன்படுத்துங்கள். ஆனால் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும்போது டாக்டருக்குப் போன் செய்து ‘ஐ வாஸ் வண்டரிங்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே பணிவு வேண்டாம். “ப்ளீஸ் கம் நவ்” என்று சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு நைட். புற்றுநோய் முற்றிய பெரியவர். மகன் பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் நாம் ‘இறந்துகொண்டிருக்கிறார்’ என்று வாயால் சொல்வதில்லை. ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்போம். 4.10க்கு மகன் ஓடிவந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 4.25க்கு மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார்.

விடியற்காலை ஜூனியர் பெண் நோட்ஸ் எழுதி என்னிடம் நீட்டினாள். “வென் த சன் கேம், பேஷண்ட் டைடு.” நேரம் 4.25 என்று மட்டும் போட்டிருந்தாள். மகன் வந்தார், அப்பா போய்விட்டார் என்று ஒரே மூச்சில் இருந்தது. நடுவில் இருந்த அந்தக் கால்மணி நேரம் காகிதத்தில் இல்லை. வராந்தாவில் அந்த மகன் தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. “இல்லக்கா, நான் வந்தப்போ அப்பா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கையப் புடிச்சேன்க்கா.”

அவளும் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிய வரியின்மேல் படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள். அடுத்த வரியில் எழுதினாள்: “த பேஷண்ட் வாஸ் ஸ்டில் ப்ரீதிங் வென் ஹிஸ் சன் அரைவ்டு அட் 4.10. த சன் வாஸ் ஹோல்டிங் ஹிஸ் ஹேண்ட்.” பேனாவை மூடப் போனவள், மறுபடி திறந்து தேதியும் நேரமும் போட்டாள்.